துணி சுற்றிய இடம்

(ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் அச்சுகளும் கருவிகளும் செய்யும் டூல் ரூமிலும் வடிவமைப்புப் பிரிவிலுமாக 31 வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது காவேரிப்பட்டினத்தில் சின்னப் பட்டறை வைத்திருப்பவர், பொருள் வடிவமைப்பு பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். தண்ணீர் தூக்கிச் செல்லும் பாத்திரம் ஒன்றை வடிவமைப்பது என் புராஜெக்ட். பாட்டிக்கு முதுகு குனியாது. அவரை நினைத்துத்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன். இணையத்தில் இருநூறு படம் பார்த்துவிட்டேன். உருட்டுவது, இழுப்பது, முதுகில் மாட்டுவது எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. புதிய யோசனைக்கு எங்கே போவது?
– கல்லூரி மாணவி, பென்னாகரம்

பாட்டி வீட்டிலேயே இருக்கும்போது இருநூறு படத்தை எதற்குப் பார்த்தாய், பாப்பா?

நாளைக் காலையில் ஒரு குடத்தின் பின்னால் நட. ஒரு நோட்டும் பென்சிலும் போதும். செல்போனை வீட்டில் வைத்துவிட்டுப் போ. படம் பிடிக்க ஆரம்பித்தால் பார்ப்பது நின்றுவிடும். குடம் எங்கே தரையைத் தொடுகிறது, எங்கே இடுப்புக்கு ஏறுகிறது, எத்தனை தடவை கை மாறுகிறது, வாசற்படியில் என்ன ஆகிறது என்று எழுதிக்கொள். 15 லிட்டர் குடம் என்றால் தண்ணீர் மட்டுமே 15 கிலோ. பாட்டிக்கு நடப்பது பெரிய சிரமமாக இருக்காது என்பது என் கணிப்பு. அந்த 15 கிலோவைத் தரையிலிருந்து இடுப்புக்கு ஏற்றுவதும், வீட்டுக்குள் போய் இறக்குவதும்தான் அவரைக் கொல்லும். நீ பார்த்த இருநூறு படமும் நடக்கிற தூரத்தை யோசித்துச் செய்தவை. குனிகிற அந்த இரண்டு நொடியை யார் யோசித்தார்கள்?

நம் பக்கத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது உனக்கே தெரியும். பல்லில் பழுப்புக் கறை ஏறுவது அதன் ஆரம்பம். வருடக்கணக்கில் குடித்தவர்களுக்கு மூட்டும் முதுகெலும்பும் இறுகிப்போகும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே இதற்காகத்தான். உன் பாட்டியின் முதுகு அதனால் இறுகியதா, வயதாலா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் குனிய முடியாத முதுகு நம் ஊரில் உன் பாட்டிக்கு மட்டும் இல்லை. ஒருவருக்குச் செய்தது பலருக்கும் ஆகும்.

இன்னொன்றையும் கவனி. பித்தளைக் குடம் போய் பிளாஸ்டிக் குடம் வந்தபோது பொருள் மாறியது, விலை மாறியது, எடை மாறியது. வடிவம் மட்டும் மாறவில்லை. கழுத்து ஒடுங்கியிருப்பதால் நடக்கும்போது தண்ணீர் தளும்பாது. வயிறு பெருத்திருப்பதால் இடுப்பில் உட்காரும். விளிம்பு வெளியே மடிந்திருப்பதால் கை பிடித்துக்கொள்ளும். அதற்கு அப்புறம் வந்த 20 லிட்டர் கேன் ஒரு கருவியின் மேல் கவிழ்த்து வைப்பதற்காகப் பிறந்தது. அதை நம் ஆள் தோளில் போடுகிறான், பைக்கில் இரண்டு காலுக்கு நடுவில் நிறுத்துகிறான். கேன் அவனுக்காகச் செய்யப்படாததால் அவன்தான் கேனுக்குத் தகுந்தபடி வளைகிறான்.

கடைசியில் பாத்திரமே வேண்டாம், குழாயடியில் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு மேடை போதும் என்றுகூட நீ முடிவுக்கு வரலாம். வழிகாட்டி ஆசிரியர் ஒத்துக்கொள்ள மாட்டார். சண்டை போடு.

ராயக்கோட்டை பக்கம் புளி தட்டும் பெண்களுக்கு நீங்கள் ஒரு கருவி செய்து கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அந்த யோசனை எப்படி வந்தது?
– வாசகர், பாலக்கோடு

நீங்கள் கேள்விப்பட்டது இரண்டாவது கருவியைப் பற்றி. முதல் கருவியின் கதையை யாரும் சொல்ல மாட்டார்கள். நானே சொல்கிறேன்.

அப்போது தொழிற்சாலையில்தான் இருந்தேன். புளி சீசனில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனபோது, களத்தில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கல்லின் மேல் புளியை வைத்து இரும்புத் தடியால் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அரை மணி நேரம் நின்று பார்த்தேன். எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஓசூர் திரும்பி, ராத்திரி ராத்திரியாக வரைந்து, நெம்புகோல் வைத்த ஒரு மிஷின் செய்தேன். கைப்பிடியை அழுத்தினால் கொட்டை தனியாக வந்து விழும். டூல் ரூமில் செய்தது என்பதால் பளபளப்பு வேறு. பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்துப் போனால், அந்த மிஷின் கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

கோபம்தான் வந்தது. அங்கிருந்த ஒரு அக்கா சொன்னார்: "சார், மிஷினு நல்லாத்தான் இருக்குது. ஆனா அது எங்களுக்கு ஆவாது. அதுக்கு ஒரு மேசை வேணும், நாங்க எழுந்து நிக்கணும். காலை நீட்டி ஒக்காந்து பேசிக்கினே தட்டுற வேலை இது." அதோடு விடவில்லை. "கொட்டையும் உடைஞ்சுபோவுது. கொட்டைக்கும் காசு இருக்குதில்ல?" புளியங்கொட்டை மாவு துணிக்குக் கஞ்சி போட ஆலைகளுக்குப் போகிறது, உடைந்த கொட்டைக்கு வியாபாரி விலையைக் குறைப்பார். அரை மணி நேரம் நின்று பார்த்தவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

அன்றைக்கு மிஷினை மறந்துவிட்டு சாயங்காலம் வரை உட்கார்ந்தேன். அப்போதுதான் அவர்கள் கையிலிருந்த இரும்புத் தடியைச் சரியாகப் பார்த்தேன். எல்லாத் தடியிலும் பிடிக்கிற இடத்தில் பழைய சேலைக் கிழிசல் சுற்றியிருந்தது. ஒன்றை வாங்கிப் பிரித்தேன். ஒரே சீராகச் சுற்றவில்லை. கட்டைவிரல் அமர்கிற பக்கம் மூன்று சுற்று அதிகம். இன்னொரு தடியிலும் அப்படியே. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவரவர் கை வலித்த இடத்தில் அவரவர் துணி ஏறியிருக்கிறது. நான் படித்த கையளவுப் பட்டியல், கோண அளவு எல்லாவற்றையும் அந்தக் கிழிசல் எனக்கு முன்பே வரைந்து வைத்திருந்தது.

இரண்டாவது கருவி என்பது அதே இரும்புத் தடிதான். பிடிக்கு மரம் போட்டு, கட்டைவிரல் பக்கம் புடைத்து, கொஞ்சம் சாய்த்தேன். எடையை மாற்றி மாற்றி ஆறு மாதிரி கொடுத்துப் பார்த்தேன். இலேசாக இருந்தால் இரண்டு அடி கூடுதலாக அடிக்க வேண்டும், கனத்தால் மத்தியானத்துக்குள் மணிக்கட்டு விட்டுப்போகும். நாலாவது மாதிரியை அவர்கள் திருப்பித் தரவே இல்லை. அதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்பவர், மூட்டுவாதத்தால் தன் மனைவி பெட்சி காய்த்தோல் சீவ முடியாமல் கஷ்டப்படுவதைப் பார்த்து, குண்டான ரப்பர் கைப்பிடி வைத்த சமையல் கருவிகளை 1990இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆக்ஸோ என்ற பெயரில் இன்றும் விற்கிறது. வடிவமைப்பு வகுப்புகளில் பாடமாகவே சொல்கிறார்கள். படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ராயக்கோட்டையில் கிழிசல் சேலை செய்த வேலையைத்தானே அந்த ரப்பரும் செய்கிறது!

அன்று முதல் எந்த ஊருக்குப் போனாலும் துணி சுற்றிய இடத்தைத் தேடுவேன். துணி என்றால் துணி மட்டுமா? கம்பி கட்டியது, சைக்கிள் டியூப் மாட்டியது, அட்டையை மடித்துக் காலுக்கு அண்டக் கொடுத்தது, செங்கல் வைத்து உயர்த்தியது எல்லாம்தான். பொருளைச் செய்தவன் விட்ட இடத்தை வாங்கியவன் நிரப்பியிருக்கிறான். அங்கே ஒரு வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது.

பின்ட்ரெஸ்ட்டில் ஆயிரம் படத்துக்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறேன். இப்போது ஏஐயிடம் கேட்டாலும் நிமிடத்தில் ஐம்பது வடிவம் வரைந்து தருகிறது. இதெல்லாம் தப்பா?
– இளம் வடிவமைப்பாளர், ஓசூர்

தப்பில்லை தம்பி. ஆனால் படத்துக்கு எடை கிடையாது. சூடு கிடையாது, சத்தம் கிடையாது.

1958இல் இந்திய அரசு அழைத்து சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி நாடு முழுக்கச் சுற்றி ஓர் அறிக்கை எழுதினார்கள். அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அதில் அவர்கள் வியந்து எழுதியது நம் சொம்பைப் பற்றி. எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், கை எவ்வளவு பெரியது, தலையிலா இடுப்பிலா கையிலா எதில் தூக்குவது, நிறைந்திருக்கும்போது எப்படி நிற்கும், காலியாக இருக்கும்போது எப்படி நிற்கும், ஊற்றும்போது எப்படி விழும், தொட்டால் எப்படி இருக்கும், தட்டினால் என்ன சத்தம் வரும் என்று கேள்விகளாக அடுக்கிக்கொண்டே போகிறார்கள். இதில் எந்தக் கேள்விக்காவது உன் ஆயிரம் படத்தில் பதில் இருக்கிறதா, பார்.

படத்தை நானும் பார்ப்பேன், கடைசியில். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த பிறகு, இதை ஏற்கெனவே எவனாவது செய்துவிட்டானா என்று தெரிந்துகொள்ள.

இயற்கையிலிருந்துதான் நல்ல வடிவங்கள் பிறக்கின்றன என்று ஆசிரியர் சொல்கிறார். மீன்கொத்தியைப் பார்த்து ஜப்பானில் ரயில் செய்தார்களாமே?
– மாணவர், கிருஷ்ணகிரி

செய்தார்கள். ஆனால் கதையை வாலிலிருந்து சொல்கிறார்கள்.

500 வரிசை ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் 1997இல் ஓடத் தொடங்கியது, மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம். சோதனைக் காலத்தில் அந்த வேகத்தில் சுரங்கத்துக்குள் நுழைந்தால் முன்னால் இருக்கும் காற்று நசுங்கி, மறுமுனையில் வெடிபோல் சத்தம் வந்தது. பக்கத்தில் குடியிருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? அதைச் சரிசெய்ய வேண்டிய பொறியாளர் எய்ஜி நகாட்சு. அவர் பறவை பார்க்கிற பழக்கம் உள்ளவர். லேசான காற்றிலிருந்து கனமான தண்ணீருக்குள் அதிகம் தெறிக்காமல் பாய்கிற மீன்கொத்தியின் அலகு அவருக்கு நினைவு வந்தது. ரயில் மூக்கு நீண்டது. முதலில் வந்தது சத்தம், தலைவலி, புகார். பறவை அப்புறம் வந்தது. கே.ஆர்.பி. அணைக்கரையில் நாமும்தான் தினமும் மீன்கொத்தி பார்க்கிறோம். நமக்கு ரயில் வந்ததா?

நாயுருவி ஒட்டாத வேட்டி நம் கொல்லையில் உண்டா? எல்லோரும் திட்டிக்கொண்டே பிய்த்துப் போட்டோம். சுவிட்சர்லாந்தில் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் 1941இல் தன் நாயின் ரோமத்தில் ஒட்டிய வேறொரு முள்விதையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். கொக்கி கொக்கியாக இருந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் செருப்பிலும் பையிலும் ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ பட்டை. காப்புரிமை கிடைத்தது 1955இல். நடுவில் இருக்கும் அந்தப் பதினாலு வருடத்தை வகுப்பில் யாரும் சொல்வதில்லை. பார்த்தது ஒரு நாள், நெய்து எடுத்தது அத்தனை வருடம்.

எங்கள் நிறுவனத்தில் "இந்த மண்ணின் அடையாளம் தெரிய வேண்டும்" என்கிறார்கள். நடுகல், கோபுரம், மாங்காய் என்று எதை வைத்தாலும் ஒட்ட வைத்ததுபோல் இருக்கிறது. என்ன செய்வது?
– வடிவமைப்பாளர், ஓசூர்

ஒட்ட வைத்தால் ஒட்ட வைத்ததுபோல்தான் இருக்கும். ஸ்பீக்கர் பெட்டியில் கோபுரம் எதற்கு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் போய்ப் பரிசலைப் பாருங்கள். ஏறிச் சுற்றிவிட்டு மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்புவது வேறு. கரையில் கவிழ்த்து வைத்திருப்பதன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மூங்கில் பிளாச்சுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, ஓரத்தில் வளைந்து மேலே ஏறுகின்றன. விட்டம் ஏழடிக்குப் பக்கம். முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. படகு என்றால் கூர்மூக்கு வேண்டும் என்று படித்தவர்களுக்கு அது தவறாகப் படும். ஆனால் பாறைக்கு நடுவில் முழங்கால் ஆழத் தண்ணீரில் சுழி இழுக்கிற இடத்தில் கூர்மூக்கு என்ன செய்யும்? பரிசல் மேலாக மிதக்கும், பாறையில் பட்டால் சுழன்று நழுவும், ஒற்றைத் துடுப்பில் எந்தப் பக்கமும் திரும்பும். வேலை முடிந்தால் ஒரே ஆள் முதுகில் கவிழ்த்துக்கொண்டு நடப்பார், ஆமைபோல. அடியில் முன்பு தோல், இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். ஆறும் மூங்கிலும் சேர்ந்து போட்ட வட்டம் அது. அதில் எங்கும் கோபுரம் வரையவில்லை. ஆனால் பார்த்ததும் எந்த ஊர் என்று சொல்லிவிடலாம்.

ஜெய்ப்பூர் கால் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் மருத்துவர் பி.கே. சேத்தியும் 1960களின் கடைசியில் உருவாக்கியது. அதற்கு முன்பு இருந்த செயற்கைக் கால் ஷூ போட்டு நாற்காலியில் உட்காருகிறவருக்கானது. நம் ஆள் குந்த வேண்டும், சம்மணம் போட வேண்டும், வெறுங்காலோடு சேற்றில் இறங்க வேண்டும். ரப்பரில் அதற்குத் தோதான பாதம் செய்தார்கள். மண்ணின் அடையாளம் என்று நீங்கள் தேடுவது அந்தக் கணுக்காலில் இருக்கிறது.

பெருமைப்படக் கூடாது என்று சொல்லவில்லை. நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். அன்றைக்குப் பட்டறையில் என் சுத்தியலைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்காக அந்த வருடத்தைச் சுத்தியலில் பொறித்து விற்கப் போனேனா?

சந்தையில் பார்த்த ஒரு பொருளைக் கொஞ்சம் மாற்றிச் செய்கிறேன். இது தூண்டுதலா, திருட்டா?
– சிறுதொழில் செய்பவர், பர்கூர்

சட்டப்படி கேட்டால்: 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்படி ஒரு பொருளின் தோற்றத்தைப் பதிவு செய்தால் 10 வருடம் உரிமை, இன்னும் 5 வருடம் நீட்டிக்கலாம். அது தோற்றத்துக்கு மட்டும். வேலை செய்யும் விதம் புதிது என்றால் காப்புரிமை, அது 20 வருடம். பதிவு செய்த தோற்றத்தை அப்படியே எடுத்தாலும் சரி, ஒரு வளைவை மாற்றி எடுத்தாலும் சரி, வம்புதான். உங்களுடையதைப் பதிவு செய்ய நினைத்தால் கடையில் வைப்பதற்கு முன்பே, வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். வெளியே வந்துவிட்டால் பெரும்பாலும் "புதிது" என்ற தகுதி போய்விடும்.

என்னைக் கேட்டால்: அந்த வளைவு ஏன் அங்கே இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் அது உங்களுடையது இல்லை.

மகன் பிளஸ் டூ. டிசைன் படிக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். சோறு போடுமா?
– ஒரு அம்மா, அரூர்

போடும் அம்மா. ஐஐடிகளில் பி.டெஸ். என்ற வடிவமைப்புப் பட்டம் படிக்க யூசீட் என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. அகமதாபாத் நிறுவனத்துக்குத் தனித் தேர்வு. படம் வரைவது மட்டும் போதாது, கவனிக்கத் தெரிய வேண்டும். லீவில் ஒரு மாதம் லேத் பட்டறைக்கு அனுப்புங்கள். கையில் கிரீஸோடு வந்தும் அடம்பிடித்தால் சேர்த்துவிடுங்கள்.

யோசனையே வராமல் மூளை அடைத்துக்கொள்கிறது. அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?
– வாசகர், தருமபுரி

மிக்ஸி ரிப்பேர் கடைக்குப் போய் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். கடைக்காரரின் குப்பை டப்பாவைக் கிளறினால் ஊரில் எந்தப் பொருள் எங்கே உடைகிறது என்று மொத்த ஜாதகமும் அதில் இருக்கும். ஜாருக்கு அடியில் இருக்கும் கப்ளர்தான் அதிகம் கிடக்கும். மட்டமான சரக்கு என்று திட்டாதீர்கள். ஜார் இறுகி நின்றால் மோட்டார் கருகுவதற்கு முன்னால் தான் உடைந்து அதைக் காப்பாற்றும் உறுப்பு அது. இருபது முப்பது ரூபாய்ச் சாமான் செத்து ஆயிரக்கணக்கான ரூபாய் மோட்டார் பிழைக்கிறது. இப்படி வேண்டுமென்றே பலவீனமாக வைத்ததும், கவனிக்காமல் விட்டதால் பலவீனமானதும் அந்த டப்பாவில் கலந்து கிடக்கும். எது எது என்று பிரிக்க உட்கார்ந்தால் அடைப்பு தானாகத் திறக்கும்.

அதுவும் ஆகவில்லை என்றால் வீட்டுக்குப் போய்த் தூங்குவேன்.

உங்கள் வீட்டில் எல்லாப் பொருளும் நீங்கள் வடிவமைத்ததா? இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?
– வாசகி, ஊத்தங்கரை

போன வாரம் இட்லிப் பாத்திரத்தைத் தூக்கியபோது மூடிக் குமிழில் என்னவோ பிசுபிசுத்தது. பார்த்தால் துணி. பழைய வேட்டிக் கரை, மூன்று சுற்று, நூல் போட்டுக் கட்டியது. அந்தக் குமிழ் நானே கடைந்து போட்டது. ஆவி துளை வழியே நேராகக் குமிழில் அடிப்பதை நான் யோசிக்கவில்லை.

எப்போதிருந்து என்று கேட்டேன். "தீபாவளிக்கு முன்னாடியே கட்டியாச்சு. நீங்க ஊரார் வூட்டுத் துணியைத்தான பாப்பீங்க" என்றாள் என் மனைவி.

அளவு எடுத்துவிட்டேன். குமிழை மாற்றுவதா, ஆவித் துளையை ஓரத்துக்குத் தள்ளுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. துணியை மட்டும் அவிழ்க்க விடமாட்டேன் என்கிறாள்.